அப்பச்சியின் சூரணமும் தம்பியின் கேள்வியும்

கேள்வி: என் அப்பச்சிக்கு வயது 68. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும் சாப்பிடுகிறார். சென்ற மாதம் உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஆயுர்வேத வைத்தியரிடம் போனோம். நாடி பார்த்துவிட்டு, "கபம் கூடி வாதம் கெட்டுப்போயிருக்கிறது" என்று ஒரு சூரணமும், மிளகு அளவில் கறுப்பு மாத்திரையும் கொடுத்தார். மூன்று மாதத்தில் இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார். வேதியியல் படித்த என் தம்பியோ, "வாதம் பித்தம் எல்லாம் கட்டுக்கதை, எல்லாவற்றையும் குப்பையில் போடு" என்கிறான். வீட்டில் தினமும் இதே பேச்சு. யார் சொல்வது சரி?
– வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பச்சி மெட்ஃபார்மினையும் கிளிமிபிரைடையும் தானாக நிறுத்தக் கூடாது. அந்தக் கறுப்பு மாத்திரையை இன்றே நிறுத்திவிடுங்கள். தூக்கி எறிய வேண்டாம்; டப்பா, சீட்டு எல்லாவற்றோடும் பத்திரமாக எடுத்து வையுங்கள். சூரணத்தையும், அதில் என்ன இருக்கிறது என்று தெரியும்வரை தள்ளி வையுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் இதை மறைக்காமல் எழுதியது எனக்கு நிம்மதி. நம் பக்கத்தில் நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம் இல்லாத வீடு குறைவு. ஆனால் என்னைப் போன்ற அலோபதி மருத்துவரிடம் வரும்போது பலர் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள், திட்டுவார் என்று பயம். சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏன் ஏறுகிறது, சர்க்கரை ஏன் திடீரென்று இறங்குகிறது என்று நாங்கள் வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்போம்.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். நிலம், நீர், தீ, காற்று, வெளி என்ற ஐந்து பூதங்களால் உலகமும் உடம்பும் ஆனவை என்பது ஆயுர்வேதத்தின் தொடக்கம். உடம்புக்குள் அவை வாதம், பித்தம், கபம் என மூன்று தோஷங்களாக வேலை செய்கின்றன. மூச்சு, அசைவு, கழிவு வெளியேறுவது எல்லாம் வாதத்தின் கணக்கு. பசி, செரிமானம், சூடு பித்தத்தின் கணக்கு. உடம்பின் கட்டு, எடை, மூட்டின் வழவழப்பு கபம். உண்டதை அக்கினி என்ற செரிமானத் தீ சமைத்து, ரசம் முதல் சுக்கிலம் வரை உடம்பைக் கட்டும் ஏழு தாதுக்களாக மாற்றுகிறது. சரியாகச் செரிக்காதது ஆமம் என்ற கசடாகத் தங்கி நோயாகிறது. மூன்று தோஷமும் அவரவர் பிறவி அளவில் நின்றால் நலம், கூடினாலும் குறைந்தாலும் நோய். சித்த மருத்துவமும் இதே மூன்றைப் பேசுகிறது, திருக்குறளின் மருந்து அதிகாரமும் இதில்தான் தொடங்குகிறது. 'பித்தம் கூடிப்போச்சு' என்று சொல்லாத அப்பத்தா நம் ஊரில் கிடையாது.

தம்பி கேட்கிற விதத்தில் கேட்டால், வாதம் என்ற ஒன்றை ரத்தத்திலோ திசுவிலோ யாரும் அளந்து காட்டியதில்லை. அதற்கு அலகு கிடையாது. ஐந்து பூதக் கொள்கை, வேதியியலின் தனிம அட்டவணைக்கு முன்னால் நிற்காது. ஒரே ஆளைப் பல வைத்தியர்கள் தனித்தனியாகப் பார்த்தால் ஒரே முடிவுக்கு வருகிறார்களா என்று சோதித்த சிறிய ஆய்வுகளில் ஒற்றுமை குறைவாகவே இருந்தது. இதுவரை தம்பி பக்கம்தான் நியாயம்.

ஆனால் அதோடு நூலை மூடி வைத்துவிட்டால் நமக்கு நஷ்டம். அந்தக் கால ஆயுர்வேத வைத்தியர்கள் சொன்ன விளக்கம் ஒன்று, கண்ணால் கண்டு எழுதி வைத்தது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். அப்பச்சியின் நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுர்வேதத்தின் மூல நூல்களான சரக சம்ஹிதை, சுஸ்ருத சம்ஹிதை இரண்டிலும் பிரமேகம் என்ற பெயரில் இது வருகிறது. கபத்தால் 10, பித்தத்தால் 6, வாதத்தால் 4 என்று 20 வகை பிரித்திருக்கிறார்கள். இந்த 20 வகைக்கு இன்றைய மருத்துவத்தில் இடமில்லை. ஆனால் சிறுநீர் இனிக்கிறது, எறும்பு மொய்க்கிறது என்பதைக் கவனித்திருக்கிறார்கள். பிறவிக் கோளாறாக வருவது, மெலிந்த உடம்பு; தவறான உணவாலும் பழக்கத்தாலும் வருவது, பருத்த உடம்பு என்று சுஸ்ருதர் இரண்டாகப் பிரிக்கிறார். மெலிந்தவருக்கு உடம்பைத் தேற்ற வேண்டும், பருத்தவருக்கு இளைக்கவைக்க வேண்டும் என்று சிகிச்சையையும் பிரிக்கிறார்கள். இதுதான் இன்றைய டைப் 1, டைப் 2 என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் எவ்வளவு கூர்மையான பார்வை!

காரணம் என்று சரகர் கொடுக்கும் பட்டியலைக் கேளுங்கள்: உட்கார்ந்தே இருக்கும் சுகம், தூக்கச் சுகம், அளவுக்கு மீறிய தயிர், பால், இறைச்சி, புது அரிசி, வெல்லத்தில் செய்த பண்டங்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் வீடுகள்தான் கண்ணில் தெரிகின்றன. மத்தியானம் விருந்து, பட்டாலையில் ஒரு தூக்கம், எழுந்ததும் பால் பணியாரம், இரவில் கந்தரப்பம். சுஸ்ருதரோ வசதி இல்லாத நோயாளியை நூறு யோசனை (யோசனை என்பது பழைய தூர அளவு) நடக்கச் சொல்கிறார், கிணறு வெட்டச் சொல்கிறார். தசை சுருங்கி வேலை செய்யும்போது இன்சுலின் உதவி குறைவாக இருந்தாலும் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பது இன்றைய விளக்கம். அவர்கள் கபம் குறைகிறது என்றார்கள். விளக்கம் மாறிவிட்டது, நடை மாறவில்லை. அப்பச்சிக்கு நான் எழுதும் சீட்டிலும் அது முதல் வரியில் இருக்கும்.

அதே நூல்களின் எல்லையும் இங்கேயே தெரிகிறது. பெற்றோர் வழியாக வந்த பிரமேகம் தீராது என்று சரகர் எழுதிவிட்டார். கணையம் செய்யும் வேலை தெரியாமல் அதற்கு மேல் போக வழியில்லை. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஊசி போடப்பட்ட பிறகுதான் கணையம் இன்சுலின் சுரக்காத குழந்தைகள் பிழைக்க ஆரம்பித்தார்கள். அந்த ஊசி இருக்கும் காலத்தில் பிறந்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

பிரகிருதி, அதாவது ஆளுக்கு ஆள் உடல்வாகு மாறும் என்ற கருத்தையும் நம் விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வுக்கூடத்தினர் மற்றவர்களோடு சேர்ந்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 3,416 பேரைப் பார்த்து, உடல்வாகு தெளிவாகத் தெரிந்த 262 ஆண்களைத் தேர்ந்தெடுத்து மரபணுக்களை ஒப்பிட்டார்கள். மூன்று வகையினருக்கும் இடையே 52 இடங்களில் வேறுபாடு தெரிந்தது. சுவாரசியமான தொடக்கம், அவ்வளவுதான். இதை வைத்து யாருக்கும் மருந்து எழுத முடியாது.

மருந்து என்று வரும்போது எனக்கு ஒரே விதிதான். உடம்புக்குள் போகும் பொருள் எந்த நூலிலிருந்து வந்தாலும், அலோபதி மாத்திரைக்கு வைக்கும் அதே பரீட்சையை அதற்கும் வைக்க வேண்டும். ஆயுர்வேத மருந்துகள் அந்தப் பரீட்சை எழுதியதே இல்லை என்று தம்பி நினைத்தால் அது தவறு. சர்ப்பகந்தா வேரை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் 1931-ல் அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். 1949-ல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தன் நோயாளிகளிடம் கண்ட பலனை பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952-ல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டு உலகம் முழுவதும் மாத்திரையாகப் போனது. சிலருக்கு மனச்சோர்வு தருகிறது என்பதும் அதே கவனிப்பில்தான் தெரிந்தது. மூலிகை என்பதால் பக்க விளைவு இருக்காது என்று யாராவது சொன்னால் இந்த வேரின் கதையைச் சொல்லுங்கள்.

குங்கிலியத்தின் இனமான குக்குலு என்ற பிசினுக்கு வேறு முடிவு. சுஸ்ருதர் கொழுப்பு நோய்க்குச் சொன்னதை வைத்து 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் முயல்களிடம் சோதித்தார்கள், கொழுப்பு குறைந்தது. இந்தியாவில் மாத்திரையாகவே வந்தது. 2003-ல் அமெரிக்காவில் 103 பேரிடம் 8 வாரம் நடந்த ஆய்வில், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் குறையவில்லை, சற்று ஏறவே செய்தது.

நான் மிகவும் மதிக்கும் ஆய்வு நம் கோயம்புத்தூரில் நடந்தது. முடக்குவாத நோயாளிகள் 43 பேர். ஒரு பிரிவுக்கு ஆயுர்வேத மருந்து, இன்னொன்றுக்கு முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரும் அலோபதி மருந்தான மெத்தோட்ரெக்ஸேட், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். யாருக்கு எது உண்மையான மருந்து, எது போலி என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அதே சமயம் ஒவ்வொருவரின் உடல்வாகுக்கு ஏற்ப மருந்தை மாற்றும் உரிமை வைத்தியருக்கு இருந்தது. 36 வாரத்தில் மூன்று பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். 2011-ல் வெளியானது. 43 பேரை வைத்து இரண்டும் சமம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் 'எங்கள் வைத்தியம் ஆளுக்கு ஆள் மாறும், அதைச் சோதிக்க முடியாது' என்ற சாக்கு இனிமேல் செல்லாது. இதுபோல இன்னும் நூறு ஆய்வு நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது அந்த மருந்துகள். கறுப்பு மாத்திரை என்றதும் எனக்குக் கவலை வந்தது, ஏனென்றால் ரச மருந்துகள், அதாவது பாதரசம் போன்ற உலோகம் சேர்த்துச் செய்பவை, பல அப்படித்தான் இருக்கும். பாதரசமும் கந்தகமும் சேர்த்து அரைத்தால் கறுப்பாகும், தம்பிக்கு இது தெரியும். 'சுத்தி செய்துவிட்டோம், உலோகம் உலோகமாக இல்லை' என்பார்கள். அப்படி உருவாகும் மெர்க்குரி சல்ஃபைடு நீரில் எளிதில் கரையாது, குடலில் மற்றவற்றைவிடக் குறைவாகவே சேரும், உண்மைதான். ஆனால் முழுதாக மாறாத பாதரசம் மிஞ்சியிருக்கிறதா என்று யார் சோதித்தார்கள்? ஈயமோ எந்தச் சேர்மமானாலும் விஷம்தான். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்த 2008 ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. ரச மருந்து வகையில் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஈயம் சேர்ந்தால் வயிற்று வலி, மலச்சிக்கல், ரத்தசோகை, கை கால் மரமரப்பு வரும். 12 வருடச் சர்க்கரைக்காரர் கால் மரத்துப்போகிறது என்றால் எல்லோரும் சர்க்கரையைத்தான் குற்றம் சொல்வோம், ஈயத்தை யாரும் நினைக்க மாட்டோம்.

சூரணத்தில் சிறுகுறிஞ்சான் இருக்க வாய்ப்பு உண்டு. அந்த இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணல் போல இருக்கும். நாக்கின் இனிப்பு உணர்வை அதன் ஜிம்னிமிக் அமிலம் தடுத்துவிடுகிறது. சென்னை ஆய்வாளர்கள் 1990-ல், வழக்கமான மாத்திரையோடு இதன் சாற்றையும் 22 பேருக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறைந்தது, 5 பேருக்கு மாத்திரையே தேவைப்படவில்லை. நல்ல சேதி. ஆனால் 22 பேர், போலி மருந்தோடு ஒப்பிடவும் இல்லை. எனக்குப் பயம் வேறு இடத்தில்: கிளிமிபிரைடு ஏற்கெனவே கணையத்தை விரட்டிக்கொண்டிருக்கிறது, அதன் மேல் இதுவும் சேர்ந்தால் 68 வயதில் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். போதாக்குறைக்குச் சில 'மூலிகை' மருந்துகளில் கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையையே பொடித்துக் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

அப்பச்சிக்கு வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் எது வந்தாலும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மாத்திரையை நிறுத்துவதாக எந்த வைத்தியர் சொன்னாலும், எதை அளந்து சொல்கிறார் என்று கேளுங்கள். கடந்த மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி இருக்கிறது. அது நல்ல அளவில் நின்றால் மாத்திரையைக் குறைக்க நானும் தயார், நடையாலும் சாப்பாட்டாலும் குறைத்தவர்கள் இருக்கிறார்கள். நாடி நன்றாக இருக்கிறது என்பது போதாது. தவிர, சர்க்கரையைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வைத்தியரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். மரியாதையாகப் போய், இரண்டு மருந்திலும் என்னென்ன இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். டப்பாவில் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், சேர்மானப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டம் பெற்ற, பொறுப்பான ஆயுர்வேத மருத்துவர் இதைச் சொல்லத் தயங்க மாட்டார். சொல்ல மறுத்தால் அந்த மருந்து வேண்டாம்.

சாப்பாட்டில் அப்பச்சிக்குப் பிடித்ததை எல்லாம் பிடுங்காதீர்கள். கவுனி அரிசி நல்லதுதான் என்று கிண்ணம் கிண்ணமாகச் சர்க்கரை போட்டு இனிப்பாகக் கிண்டிக் கொடுத்தால் பயனில்லை. பணியாரம் விசேஷ நாளில் ஒன்று போதும். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிக்கட்டும், முன்பு உண்டது செரித்த பிறகு அடுத்ததை உண் என்ற பழைய விதி இன்றைக்கும் நல்ல விதி. காலையில் அரை மணி, மாலையில் கால் மணி நடை.

இந்த வாரம் எச்பிஏ1சி, கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின், ஹீமோகுளோபின், ரத்தத்தில் ஈய அளவு, முடிந்தால் பாதரச அளவும் பார்த்துவிடுங்கள். கறுப்பு மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட்டார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அறிக்கைகளோடு இரண்டு டப்பாவையும் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரக வேலையைச் சொல்லும் ஈஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே வந்திருந்தால் மெட்ஃபார்மின் அளவைக் குறைப்பார், 30-க்குக் கீழே என்றால் நிறுத்திவிட்டு வேறு மருந்து தருவார்.