ஆர்.வி. அண்ணை பதில்கள்: முதல் உறைபனிக்கு முன்

கனடாவில் ஒக்டோபர் தேங்க்ஸ்கிவிங் வாரவிறுதி முடிந்ததும், ஆர்.வி. (கட்டில், சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள பயண வண்டி) வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளின் நிறம் மாறிவிடும். யூலையில் ஏசி குளிரவில்லை என்று எழுதியவர்கள் இப்போது ஹீற்றர் சூடாகவில்லை என்று எழுதுகிறார்கள். இந்த முறை எஞ்சின் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. என்னுடையது ஃபோர்ட் ஈ-450 சேஸியில் கட்டிய 28 அடி வண்டி. யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் டிப்போவில் பஸ் எஞ்சின் கழற்றிப் பழகிய கைக்கு அந்த எஞ்சின் ஒரு பெரிய விஷயமில்லை. உங்களுக்கும் அதற்கு எந்தக் கராஜிலும் ஆள் கிடைக்கும். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குத்தான் ஆள் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் வசந்தகாலம் வரை தவணை இல்லை என்பார்கள். அதனால் அந்த வீட்டை நாமே பழகிக்கொள்ள வேண்டும்.

அண்ணை, இலை நிறம் பார்க்க அல்கொன்குவின் பூங்காவுக்குப் போனோம். மின் இணைப்பு இல்லாத இடம். இரவு 10 மணிக்கு பேர்னஸ் (காஸில் எரியும் வண்டி ஹீற்றர்) நன்றாக வேலை செய்தது. விடிய 3 மணிக்குக் குளிர்காற்றுத்தான் வந்தது. கொஞ்சம் ஊதும், நிற்கும், திரும்ப ஊதும். காஸ் முக்கால் தாங்கி இருக்கிறது, விளக்குகளும் எரிந்தன. பேர்னஸின் போர்ட் (அதை இயக்கும் மின்பலகை) போய்விட்டது, 400 டொலர் வரும் என்று ஒருவர் சொல்கிறார். வாங்கட்டுமா?
– வாசகர், பிராம்ப்டன்

வாங்க வேண்டாம், தம்பி. உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. மாலையில் வேலை செய்து விடியப்புறம் நிற்கிற பேர்னஸ் முதலில் கைகாட்டுவது வீட்டுப் பகுதியின் பற்றறியைத்தான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். தேர்மொஸ்ராற் (வெப்பநிலை பார்க்கும் சுவிச்) சூடு கேட்டதும் முதலில் காற்றாடிதான் சுழலும். அந்தக் காற்று ஒரு மெல்லிய தகட்டைத் தள்ள வேண்டும். தகடு நகர்ந்து சுவிச்சை அமர்த்திய பிறகுதான் போர்ட் காஸ் வால்வைத் திறந்து பொறி கொடுக்கும். காற்று ஒழுங்காகப் போகாத இடத்தில் நெருப்பு மூளக்கூடாது என்பதற்கான காவல் அது. பற்றறி இறங்கினால் காற்றாடி மெதுவாகும், தகடு முழுக்க நகராது, நெருப்பு வராது. உங்களுக்கோ காற்றாடி சுற்றும் சத்தம் கேட்கும், விளக்கும் எரியும். எல்லாம் சரி, போர்ட்தான் பிழை என்று தோன்றும்.

கணக்கும் அதையே சொல்கிறது. காற்றாடி ஓடும்போது 8 ஆம்பியர் அளவில் எடுக்கும். குளிர் இரவில் பாதி நேரம் ஓடினால் மணிக்கு 4 ஆம்பியர்-மணி. உங்கள் வண்டியில் 80 ஆம்பியர்-மணி பற்றறி ஒன்று இருந்தால், அதைக் கெடுக்காமல் எடுக்கக்கூடியது பாதி, அதாவது 40. பத்து மணி நேரத்தில் பேர்னஸ் மட்டுமே அதை முடித்துவிடும். மாலையில் எரித்த விளக்கு, தண்ணிப் பம்ப், பிறிட்ஜின் போர்ட் எல்லாவற்றையும் சேர்த்தால் 3 மணி என்பது சரியாகத்தான் வருகிறது.

வோல்ற் அளக்கும் 20 டொலர் மீற்றர் ஒன்று வாங்குங்கள். காற்றாடி ஓடிக்கொண்டிருக்கும்போதே பற்றறியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 11 வோல்றுக்குக் கீழே விழுந்தால் குற்றவாளி அதுதான். சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் ஈயப் பற்றறி 12.6 அல்லது 12.7 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் அதை வருத்துகிறீர்கள் என்று அர்த்தம். பற்றறி நன்றாக இருந்தும் இப்படி நடந்தால் வெளியே உள்ள புகைவாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பிறகு அந்தத் தகட்டுச் சுவிச்சில் தூசி, நாய்மயிர் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். போர்ட்டுக்குக் கடைசி இடம்.

பனிக்கு நிறுத்தும்போது அந்தப் பற்றறியை முழுக்கச் சார்ஜ் செய்து, நெகற்றிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டோம் என்று நினைத்தாலும் காஸ் கசிவை அறிவிக்கும் கருவி இரவு பகலாக அதை உறிஞ்சிக்கொண்டிருக்கும். நிறைந்த பற்றறி நம்முடைய எந்தக் குளிரிலும் உறையாது. வெறுமையான பற்றறி மைனஸ் 7 பாகை அளவிலேயே உறைந்து வெடித்துவிடும். லிதியம் வைத்திருப்பவர்களுக்கு எச்சரிக்கை வேறு: பூச்சியம் பாகைக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது.

அண்ணா, சாரதி இருக்கைக்கு மேலே இருக்கிற கட்டிலின் மெத்தையைத் தூக்கினேன். வலது மூலையில் பலகை ஈரமாக இருக்கிறது, விரலால் அமர்த்தினால் பதிகிறது. கூரையில் ஏறிப் பார்த்தோம், ஓட்டை ஒன்றும் தெரியவில்லை. என் கணவர் ஆறு குழாய் சிலிக்கன் பசை வாங்கி வந்து, எல்லா இடமும் பூசத் தயாராக நிற்கிறார்.
– வாசகி, மார்க்கம்

முதலில் அந்தச் சிலிக்கனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், தங்கச்சி. ஆர்.வி. கூரையில் சிலிக்கன் பூசினால் பிறகு அதன்மேல் எதுவும் ஒட்டாது, புதிய சிலிக்கன்கூட ஒட்டாது. அடுத்த வருடம் திருத்த வருகிறவர் அதைச் சுரண்டி எடுக்கவே இரண்டு நாள் செலவழிக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு நீளமாகவே எழுதுகிறேன். ஆர்.வி.க்களைக் குப்பைமேட்டுக்கு அனுப்புவது பெரும்பாலும் எஞ்சின் இல்லை, இந்த ஈர மூலைதான். சாரதிக்கு மேலே கட்டில் உள்ள வண்டிகளில் இது எல்லாருக்கும் தெரிந்த நோவு. மழையும் காற்றும் நெடுஞ்சாலை வேகத்தில் மோதுகிற இடம் அது.

நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள். முகப்பைப் பார்த்தீர்களா? அங்கே வரிசையாக ஐந்து செம்மஞ்சள் விளக்குகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வயர் போக ஒரு துளை, இரண்டு ஸ்குறூ, கீழே ஒரு மெல்லிய பஞ்சு வளையம். பத்து வருட வெயிலில் அந்தப் பஞ்சு காய்ந்து சுருங்கிவிடும். அப்போது அது தண்ணிக்குத் திறந்த கதவு.

என் வண்டியில் இரண்டாவது விளக்கைக் கழற்றிய நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஸ்குறூ சுற்றவே இல்லை, இழுத்த இழுப்பில் கையோடு வந்தது. பாதித் தடிப்புக்குத் துரு அரித்திருந்தது. துளையிலிருந்து பழுப்புத் தண்ணி மணிக்கட்டு வழியாக முழங்கை வரை வடிந்தது. விரலை உள்ளே விட்டால் பலகை இருக்க வேண்டிய இடத்தில் தேயிலைச் சக்கை மாதிரி ஒன்று வந்தது. எனக்கு ஈரம் தெரிந்ததோ அந்த விளக்கிலிருந்து நான்கு அடி தள்ளி, இடது மூலையில். உள்ளே புகுந்த தண்ணி நேரே கீழே விழாது. சட்டத்தின் ஓரமாக ஓடி, அது நிற்கிற இடத்தில்தான் தலைகாட்டும். ஆகவே ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலே மட்டும் தேடாதீர்கள்.

தேடும் முறை இதுதான். உள்ளே ஒருவர் ரோச் லைற்றுடன் இருக்க, வெளியே ஒருவர் தோட்டக் குழாயால் மெதுவாகத் தண்ணி விட வேண்டும். கீழிருந்து மேலே போங்கள். முதலில் சாரதி கண்ணாடிக்கு மேலுள்ள விளிம்பு, பிறகு பக்க ஜன்னல், பிறகு விளக்குகள், மூலைத் தகடு, கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்துக்கும் பத்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் தண்ணி எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு வரும், எது கசிந்தது என்று சொல்லவே முடியாது.

கண்டுபிடித்த பிறகும் உடனே மூட வேண்டாம். மெத்தையை எடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஒரு வாரமாவது ஓட விடுங்கள். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் பலகை அமைதியாக அழுகிக்கொண்டே இருக்கும். பதிகிற பலகையை, கெட்டியான மரம் வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய பிளைவூட் போடுங்கள். விளக்குக்குக் கீழே பழைய பஞ்சுக்குப் பதிலாக பியூட்டைல் ரேப் (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து இறுக்குங்கள். கூரையின் மட்டமான இடங்களுக்கு, ஊற்றினால் தானாகப் பரவி மட்டமாகும் கூரைச் சீலன்ற் (கசிவடைக்கும் பசை) இருக்கிறது. செங்குத்தான இடங்களுக்கு வடியாத வகை. கூரை ரப்பராக இருந்தால் பெற்றோலியம் கலந்த எதுவும் அதில் படக்கூடாது, ரப்பர் ஊதிப்போகும். பழையதைச் சுரண்ட பிளாஸ்ரிக் தகடு போதும். கத்தி வைத்தால் இன்னோர் ஓட்டை உங்கள் கையாலேயே விழும்.

சீலன்றுக்கு 10 பாகைக்கு மேற்பட்ட, மழையில்லாத நாள் வேண்டும். அப்படி ஒரு நாள் இனிக் கிடைக்காவிட்டால் விளக்குகளின் மேல் கூரை ரேப் ஒட்டி மறைத்து, உள்ளே காற்றோட்டமாக விட்டுவிட்டு, மரவேலையை மே மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.

ஐயா, கார் கூலன்ற் (எஞ்சினைக் குளிராக்கும் திரவம்) இரண்டு கலன் கராஜில் சும்மா கிடக்கிறது. பனிக்கு நிறுத்தும்போது குழாய்கள் உறைந்து வெடிக்காமல் இருக்க வண்டியின் தண்ணிக் குழாய்களுக்கு அதையே விடலாமா? அதுவும் உறையாதுதானே?
– வாசகர், ஏஜாக்ஸ்

விடவே கூடாது. கார் கூலன்றில் உள்ள எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. இனிப்பான நஞ்சு என்பதால் பிள்ளைக்கும் நாய்க்கும் இரட்டை ஆபத்து. நீங்கள் பல் துலக்கும் குழாய் அது. றோஸ் நிறத்தில் விற்கிற ஆர்.வி. அன்ரிபிறீஸ் (உறையாத் திரவம்) வேறு சாமான், அதில் பெரும்பாலும் இருப்பது புரொப்பிலீன் கிளைக்கோல். அதில் இரண்டு மூன்று கலன் வாங்கினால் போதும்.

ஆனால் அந்தத் திரவம் சுடுதண்ணித் தாங்கிக்குள் போகாமல் அதைச் சுற்றிப் போகும்படி முதலில் பைபாஸ் வால்வைத் திருப்புங்கள். செய்யாவிட்டால் ஆறு கலன் அதற்குள்ளேயே போய்விடும். தாங்கியை அணைத்து, ஆற விட்டு, மேல் வால்வைத் தூக்கி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகுதான் அடைப்பைக் கழற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது கழற்றினால் முகம் வெந்துவிடும். இரும்புத் தாங்கி என்றால் அடைப்போடு ஒரு நீளக் கம்பி வரும். தாங்கி துருப்பிடிக்காமல் தன்னைக் கொடுக்கிற கம்பி அது, முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்றுங்கள்.

பிறகு பம்ப் வழியாக அந்த றோஸ் நிறத் திரவத்தை இழுத்து, தூரத்துக் குழாயிலிருந்து கிட்ட உள்ளதுவரை, சூடு குளிர் இரண்டிலும் நிறம் வரும்வரை திறந்து மூடுங்கள். பலரும் மறக்கிற இடங்கள்: ரொயிலெட் வால்வு, வடிகட்டிக் கிண்ணம், வெளியிலிருந்து தண்ணி இணைக்கும் வாய், பின்னால் உள்ள வெளி ஷவர். நான் ஒரு வருடம் வெளி ஷவரை மறந்தேன். ஏப்ரலில் பம்பைப் போட்டேன், சத்தம் நிற்கவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் கட்டிலுக்குக் கீழே கம்பளம் சதசதவென்று நனைந்திருப்பதைக் கண்டேன். பிளந்தது கட்டைவிரல் அளவு பிளாஸ்ரிக் துண்டு.

அண்ணை, சமையல் சிங்கின் அழுக்குத் தண்ணித் தாங்கியை வெறுமையாக்கின பிறகும் நிறைந்திருப்பதாகவே விளக்கு எரிகிறது. சென்சர் மாற்ற வேண்டுமா?
– வாசகி, ஸ்காபரோ

எங்கள் சமையலுக்கே உரிய பிரச்சினை இது. தாங்கியின் சுவரில் சிறிய உலோகக் குமிழ்கள் இருக்கும். தண்ணி தொட்டால் மின் ஓடி விளக்கு எரியும். ஆட்டிறைச்சிக் கறிச் சட்டி கழுவிய எண்ணெயும் சோற்றுப் பசையும் சுவரில் படிந்துவிட்டால், தண்ணி இல்லாதபோதும் அந்தப் படிவு ஈரத்தைப் பிடித்துவைத்து மின்னைக் கடத்தும். சென்சரில் குறை இல்லை. கால்வாசித் தண்ணியும் நிறையப் பாத்திரச் சோப்பும் விட்டு, ஓர் ஐம்பது கிலோமீற்றர் ஓட்டிவிட்டுத் திறந்துவிடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் விட்டுக்கொடுக்கும். இனிமேல் சட்டியைக் கடதாசியால் துடைத்த பிறகு சிங்குக்குக் கொண்டுபோங்கள், பருப்புத் தண்ணியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெளியே நின்று தோசை சுட ஓர் அடுப்பு வைக்க ஆசை. காஸ் குழாயில் நானே ஒரு கிளை எடுக்கலாமா?
– வாசகர், கிச்சனர்

வேண்டாம். ஒன்ராறியோவில் அது சான்றிதழ் பெற்ற காஸ் தொழிலாளியின் வேலை. நீங்கள் செய்யக்கூடியது இணைப்புகளில் சோப்புத் தண்ணி பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. காஸ் மணம் வந்தால் எந்தச் சுவிச்சையும் தொடாமல் எல்லாரையும் வெளியே எடுங்கள், தாங்கியின் வால்வை மூடுங்கள். தோசைக்குச் சிறு சிலிண்டரோடு தனியாக நிற்கிற அடுப்பே போதும்.

பழைய ஆர்.வி. ஒன்று பார்த்திருக்கிறேன். 11 வருடத்தில் 40,000 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கிறது. முதல் போட்ட ரயர்களே இன்னும் புதிது மாதிரி இருக்கின்றன. அவற்றோடு புளோரிடா போகலாமா?
– வாசகர், மொன்றியல்

போக வேண்டாம். ஆர்.வி. ரயர் தேய்வதற்கு முன் வயதால் சாகிறது. ரயரின் பூ (தரையில் படும் பள்ளக் கோடுகள்) ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், உள்ளே ரப்பர் காய்ந்திருக்கும். பக்கச் சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களை வாசியுங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஏழு வருடம் தாண்டியதை நான் நெடுஞ்சாலைக்கு எடுப்பதில்லை. ஆறு புதிய ரயரின் விலையை வண்டி விலையில் கழித்துப் பேசுங்கள். அந்த நான்கு இலக்கங்கள் ரயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம். பின்னாலுள்ள இரட்டைச் சில்லில் அது உள்பக்கம் பார்த்திருந்தால் வண்டிக்குக் கீழே படுத்து ரோச் அடித்துத்தான் வாசிக்க வேண்டும். ஆறையும் வாசியுங்கள். ஸ்பெயார் இருந்தால் அதையும்.