போனஸ் பணத்தில் டேபிள் சா வாங்கட்டுமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். வீட்டுக்குப் பின்னால் 12-க்கு 10 அடியில் ஒரு தகர ஷெட், அதில்தான் ஞாயிற்றுக்கிழமை மரவேலை. கையில் இருப்பவை டிரில் மெஷின், 7 இன்ச் சர்க்குலர் சா (வட்ட பிளேடு சுழலும் கை ரம்பம்), ஜிக்சா, நாலு உளி, ஒரு மூலைமட்டம். ப்ளைவுட்டில் இரண்டு புத்தக அலமாரி செய்திருக்கிறார். ஒரே அளவில் அறுத்ததாக நினைத்த பலகைகள் 2, 3 மில்லிமீட்டர் வித்தியாசமாக வந்தன, ஒட்டும்போது ஒரு அலமாரி கோணிக்கொண்டது. அடுத்தது மகளுக்குப் படிக்கிற மேசை, ரப்பர் வுட்டில். அதற்கப்புறம் ஒரு கட்டில், காரைக்குடிப் பக்கம் பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கி வைத்திருக்கும் பர்மா தேக்குச் சட்டங்களில். போனஸ் வந்ததில் 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். டேபிள் சாவா (மேசை நடுவே நீட்டியிருக்கும் பிளேடில் மரத்தைத் தள்ளி அறுப்பது), திக்னஸ் பிளேனரா (மரத்தை ஒரே தடிமனாகச் சீவுவது), ரூட்டரா (சுழலும் பிட்டால் விளிம்பும் காடியும் செதுக்குவது), எதை முதலில் வாங்குவது என்பது கேள்வி.

மூன்றில் ரூட்டரை மட்டும் வாங்குங்கள், அதிலும் சின்னதாக, ஒரு கையால் பிடிக்கிற ட்ரிம்மர் போதும். மீதிப் பணம் கிளாம்ப் (மரத்தை இறுக்கிப் பிடிக்கிற பிடிப்பான்), ஒரு இழைப்புளி, சாணைக்கல், நல்ல பிளேடு, தூசி முகமூடி என்று போகட்டும். பெரிய மெஷின் ஒன்று பெட்டி பிரித்து இறக்குகிற சந்தோஷம் இதில் கிடைக்காது, தெரிந்தேதான் சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. எங்கே எரிச்சல் வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: அறுப்பு நேராக வரவில்லை, ஒட்டும்போது கோணியது. இந்த இரண்டுக்கும் என்ன வேண்டும் என்று பார்த்தால் போதும். கடையில் எது பளபளப்பாக இருக்கிறது என்று பார்த்து வாங்குவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. நானும் செய்தேன். என் முதல் பெரிய செலவு டேபிள் சாதான். மொட்டை மாடி ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். முதல் வருடம் அதன் மேல் அறுபட்ட மரத்தைவிட அம்மா காயவைத்த வடகம்தான் அதிகம்.

ஏனென்றால் இடம். 8-க்கு 4 அடி ப்ளைவுட்டை நீளவாக்கில் டேபிள் சாவில் அறுக்க வேண்டுமென்றால் பிளேடுக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி சும்மா கிடக்க வேண்டும். உங்கள் ஷெட் மொத்தமே 12 அடி. கதவைத் திறந்து வைத்துச் சமாளிக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், 18 மிமீ ஷீட் ஒன்று 30 கிலோவுக்கு மேல் இருக்கும். அதை ஒற்றை ஆளாக ஒரு சின்ன மேசை மேல் நேராகத் தள்ளுவது நடக்கிற காரியமில்லை, லேசாகச் சாய்ந்தாலே பிளேடு பிடித்துக்கொள்ளும். இவ்வளவு பெரிய ஷீட் தரையில் கிடக்க, அதன் மேல் மெஷின் நகர்வதுதான் சரி, அந்த மெஷின், சர்க்குலர் சா, உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அதற்கு ஒரு வழிகாட்டிப் பலகை செய்துகொள்ளுங்கள். ஓர் அடி அகலமுள்ள 6 மிமீ ப்ளைவுட் பட்டை, 8 அடி நீளம். அதன் ஒரு ஓரமாக 3 இன்ச் அகல 12 மிமீ பட்டையை ஒட்டி ஸ்குரூ போடுங்கள், இதுதான் சுவர். இதன் உள்விளிம்பு கோணல் இல்லாமல் இருக்க வேண்டும், ஆகவே ஷீட்டின் தொழிற்சாலை விளிம்பிலிருந்து வெட்டிய பட்டையாகப் பார்த்து, நூல் பிடித்துச் சோதித்துவிட்டு ஒட்டுங்கள். ஒட்டு காய்ந்ததும் சாவின் அடித்தட்டைச் சுவரோடு உரசியபடி ஒருமுறை முழு நீளத்துக்கும் ஓட்டுங்கள். 6 மிமீ பட்டையில் அதிகமாக இருந்தது அறுந்து விழும். இப்போது மிஞ்சியிருக்கிற விளிம்புதான் உங்கள் பிளேடு போகிற கோடு. இனிமேல் ப்ளைவுட்டில் பென்சில் கோடு போட்டு, அந்த விளிம்பைக் கோட்டில் வைத்து, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு ஓட்டினால் முடிந்தது, கணக்குப் போட வேண்டிய வேலையே இல்லை. அடியில் 2 இன்ச் தெர்மாகோல் விரித்துக்கொள்ளுங்கள், பிளேடு ப்ளைவுட்டைத் தாண்டி 4, 5 மிமீ மட்டும் இறங்குகிற மாதிரி வைத்தால் தரைக்கும் ஆபத்தில்லை, அறுந்த துண்டும் தொங்கிக் கிழியாது.

மெஷினோடு வந்த 24 பல் பிளேடு கட்டிட வேலைக்கானது. ப்ளைவுட்டுக்கு 60 பல் வாங்குங்கள். சர்க்குலர் சாவின் பற்கள் கீழிருந்து மேலாக அறுக்கின்றன, சிலாம்பு கிளம்புவது மேல் பக்கத்தில். அதனால் நல்ல முகத்தைக் கீழே வைத்து அறுக்க வேண்டும். இன்னொன்று, ஷீட்டின் மூலை சரியாக 90 டிகிரி என்று நம்பிவிடாதீர்கள், இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். ஒழுங்கான 8-க்கு 4 ஷீட்டில் இரண்டுமே 107.3 இன்ச் சுமாருக்கு வரும். உங்கள் 3 மிமீ வித்தியாசத்தில் பாதி இங்கிருந்தே தொடங்கியிருக்கலாம்.

டேபிள் சா வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்னச் சின்னப் பட்டைகள் இருபது, முப்பது ஒரே அகலத்தில் அறுக்கிற காலம் வந்தால் அதற்கு ஈடு இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இப்போது வாங்க முடியவில்லை என்பதற்காக 4 இன்ச் மார்பிள் கட்டரைத் தலைகீழாக ஒரு ப்ளைவுட் மேசைக்கு அடியில் பொருத்தி டேபிள் சா ஆக்குகிற வேலை. நம் ஊரில் சைட்டுக்குச் சைட் பார்க்கலாம், அனுபவமுள்ள ஆசாரிகளே செய்கிறார்கள், அவர்களில் விரல் குறைந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள். அறுபட்ட மரம் பிளேடுக்குப் பின்னால் மூடிக்கொண்டு இறுக்கும்போது, பின்பக்கப் பற்கள் அதைத் தூக்கி உங்கள் மேலேயே எறியும். 10 இன்ச் பிளேடு ஒன்று நிமிடத்துக்கு 4,500 சுற்றில் ஓடினால் பல்லின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல், அந்த வேகத்தில் வருகிற மரத்தை உங்கள் கையால் தடுக்க முடியாது. நல்ல டேபிள் சாவில் பிளேடுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தகடு நிற்கும், ரைவிங் நைஃப் என்பார்கள், மரம் மூடாமல் பார்த்துக்கொள்வது அதுதான். அது இல்லாத மெஷினை இனாமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

சரி, கோணிய அலமாரிக்கு வருவோம். உங்கள் பட்டியலில் ஒரு கிளாம்ப் கூட இல்லை! ஸ்குரூ போட்டு இழுத்து ஒட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்குரூ இறங்கும்போது பலகையைத் தன் பக்கம் கொஞ்சம் தள்ளிவிட்டுத்தான் இறங்கும். முதலில் கிளாம்ப் பிடித்து, மூலைமட்டம் வைத்து, மூலைவிட்டம் அளந்து, அப்புறம் ஸ்குரூ. மேசைப் பலகைக்கு ரப்பர் வுட் பட்டைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டப் போகிறீர்கள் என்றால் 4 அடி நீளத்துக்கு 8 முதல் 10 இன்ச்சுக்கு ஒன்று வீதம் ஐந்தாறு நீளக் கிளாம்ப் வேண்டும், ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று மாற்றி மாற்றி. எல்லாவற்றையும் ஒரே பக்கம் போட்டால் பலகை வளைந்து நிற்கும். நீளக் கிளாம்ப் விலை கேட்டால் தலை சுற்றும், அதனால் பைப் கிளாம்பின் தலைகளை மட்டும் வாங்கி, முக்கால் இன்ச் ஜிஐ பைப்பை உங்கள் தெரு பிளம்பிங் கடையில் வேண்டிய நீளத்துக்கு வெட்டி, முனையில் மரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதோடு 12 இன்ச் எஃப் கிளாம்ப் நான்கு. எவ்வளவு வாங்கினாலும் ஒட்டுகிற நாளில் ஒன்று குறையும், அது வேறு விஷயம்.

இப்போது அந்தத் தேக்கு. திக்னஸ் பிளேனர் பற்றிக் கேட்டது இதற்காகத்தான் என்று புரிகிறது. ஆனால் பிளேனர் நீங்கள் நினைக்கிற வேலையைச் செய்யாது. வளைந்தோ முறுக்கியோ இருக்கிற சட்டத்தை உள்ளே விட்டால் அதன் உருளைகள் மரத்தை அழுத்தி நேராக்கிப் பிடித்துக்கொண்டு சீவும், வெளியே வந்ததும் மரம் பழையபடி வளைந்துகொள்ளும். முன்பு கோணலான தடிமனான சட்டம், இப்போது கோணலான மெல்லிய சட்டம், அவ்வளவுதான். முதலில் ஒரு முகத்தைத் தட்டையாக்க வேண்டும், அதற்கு மெஷின் வேறு. இரண்டையும் நீங்கள் வாங்க வேண்டிய அவசியமே இல்லை, பல மரக்கடைகளிலும் சாமில்களிலும் கூலிக்கு இழைத்துத் தருவார்கள். வருடத்துக்கு ஒரு கட்டில் செய்கிறவருக்கு அந்தக் கூலி எந்த மெஷினையும்விட மலிவு.

ஒரு சிக்கல் உண்டு. பழைய வீட்டு மரம் என்றால் மில்காரர் முகம் சுளிப்பார். உள்ளே உடைந்து நிற்கிற ஒரு ஆணி போதும், அவருடைய பிளேனர் கத்திகள் போச்சு. ஆகவே உங்கள் பட்டியலில் கையில் பிடிக்கிற சின்ன மெட்டல் டிடெக்டர் ஒன்றைச் சேருங்கள். சுவரில் ஒயர் தேடுகிற கருவியே சமாளித்துவிடும், அதுவும் இல்லையென்றால் நூலில் கட்டிய ஒரு நல்ல காந்தம். மரத்தில் கறுத்த வட்டம் தெரிகிற இடங்களை முதலில் பாருங்கள், அங்கே ஆணி இருக்கும் அல்லது இருந்திருக்கும். தலை போன ஆணியைச் சுற்றி உளியால் கொஞ்சம் தோண்டிக் குறட்டால் இழுங்கள். நான்கு முகத்தையும் சோதித்தேன் என்று சொல்லிக்கொண்டு போனால் பேச்சு சுலபமாக இருக்கும்.

சட்டங்களில் பழைய பெயின்ட் இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் சட்டங்களில் இருப்பது அதற்கு எத்தனை தலைமுறை முந்தைய பெயின்ட் என்று யாருக்குத் தெரியும். அதைச் சாண்டர் (உப்புத்தாளை ஓட்டித் தேய்க்கிற மெஷின்) போட்டுத் தேய்த்தால் ஈயம் தூசியாகி ஷெட் முழுக்கப் படியும், உங்கள் சட்டையோடு வீட்டுக்குள்ளும் வரும், வீட்டில் குழந்தை இருக்கிறது. பெயின்ட் ரிமூவர் தடவி ஊறவிட்டு, ஈரமாக இருக்கும்போதே சுரண்டி எடுத்து, சுரண்டியதைப் பையில் கட்டிப் போடுங்கள். பெயின்ட் முழுக்கப் போன பிறகுதான் மில்லுக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அதே தூசி அங்கே வேலை செய்கிறவருக்கு.

மில்லுக்குப் போகும் முன் ஒரு முகத்தை ஓரளவுக்கு நீங்களே தட்டையாக்கிவிட்டால் அங்கே கிடைக்கிற பலன் வேறு. அதற்குத்தான் இழைப்புளி. 14 இன்ச் நீள இரும்பு இழைப்புளி, 5-ஆம் நம்பர் என்று கேட்டால் தெரியும். முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க, ஒரே அகலமான இரண்டு நேர்க் குச்சிகளைச் சட்டத்தின் இரு முனையிலும் குறுக்காக வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இந்த முனையிலிருந்து பாருங்கள். இரண்டு குச்சியின் மேல்விளிம்பும் இணையாக இல்லாவிட்டால் எந்த மூலை தூக்கியிருக்கிறதோ அங்கே சீவுங்கள். கூடவே சாணைக்கல், சொரசொரப்பு எண் 1000-மும் 4000-மும் போதும். தேக்கில் மணல் மாதிரியான சிலிக்கா இருக்கிறது, அது எந்தக் கூர்முனையையும் சீக்கிரம் தின்றுவிடும். புதிதாக வாங்கிய உளி தீட்டியே வரும் என்பது பொய், அரைத்து மட்டும்தான் வரும். முதுகுப் பக்கத்தைக் கல்லில் தட்டையாக்கி, முனையை 25, 30 டிகிரியில் தீட்டி, உங்கள் முன்கை முடியை மழிக்கிறதா என்று பாருங்கள். உங்களிடம் இருக்கிற நாலு உளியும் அன்றைக்குத்தான் உளி ஆகும்.

ட்ரிம்மர் ரூட்டர் ஒன்றுதான் உங்கள் மூன்றில் நான் ஒப்புக்கொண்டது, காரணம் அது இரண்டு வேலைக்கும் உதவும். மேசை விளிம்பை உருட்டலாம், அலமாரித் தட்டு உட்காரக் காடி எடுக்கலாம், கட்டில் சட்டத்தில் கழுந்துத் துளையை (இன்னொரு சட்டத்தின் முனை செருகுகிற துளை) தொடங்கி வைத்துவிட்டு ஆழத்தை உளியால் முடிக்கலாம். வாங்கும்போது பிட் பிடிக்கிற காலெட் 6 மிமீயா, கால் இன்ச்சா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கால் இன்ச் என்பது 6.35 மிமீ, பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். கால் இன்ச் காலெட்டில் 6 மிமீ பிட்டைப் போட்டு இறுக்கிவிட்டேன் என்று நினைத்து ஓட்டினால் அது எப்போது வேண்டுமானாலும் நழுவும். ஒரே தடவையில் ஆழமாக எடுக்காமல் 3 மிமீ, 3 மிமீயாக இறங்குங்கள். வெளிவிளிம்பைச் செய்யும்போது மரத்தைப் பார்த்து நின்று இடமிருந்து வலமாக ஓட்டுங்கள், மாற்றி ஓட்டினால் மெஷின் உங்களை இழுத்துக்கொண்டு ஓடும்.

இவ்வளவும் போக மிச்சம் இருந்தால் 125 மிமீ ஆர்பிட்டல் சாண்டர். மிச்சம் இல்லாவிட்டால் ஒரு மரத்துண்டில் உப்புத்தாளைச் சுற்றி 80, 120, 180 என்று கையால் தேய்க்கலாம், ஒரு மேசைக்கு ஒரு சாயங்காலம் ஆகும். முகமூடி மட்டும் மிச்சப் பணத்துக்குக் காத்திருக்கக் கூடாது. மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது, என்95 வாங்குங்கள். மெஷின் ஓடும்போது லுங்கி வேண்டாம், கையுறையும் வேண்டாம், சுற்றுகிற எதுவும் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

கடைசியாகக் கரன்ட். ஷெட்டுக்கு வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், அநேகமாக ஹாலில் இருக்கிற 6 ஆம்பியர் பிளக்கிலிருந்து. 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,400 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ட்ரிம்மருக்கும் சாண்டருக்கும் அது தாராளம், 1,800 வாட் டேபிள் சாவுக்கோ பிளேனருக்கோ ஆகாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஷெட்டுக்குத் தனி லைன், 16 ஆம்பியர் பிளக் இரண்டு, 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச்) ஒன்று, சரியான எர்த் என்று போடச் சொல்லுங்கள். தகர ஷெட், மழைக்காலத்தில் ஈரத் தரை, எர்த் இல்லாத லைன் மூன்றும் ஒரே இடத்தில் சேரக் கூடாது. இந்தச் செலவு 40,000-க்குள் அடங்காவிட்டால் ரூட்டரை அடுத்த போனஸுக்குத் தள்ளுங்கள், படிக்கிற மேசைக்கு அது இல்லாமலே சமாளிக்கலாம்.