கெட்டில் தப்பு

கேள்வி: படித்து முடிக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரே வரியாகச் சுருக்கி நோட்டில் எழுதி வைக்கிறேன். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் எனக்கே சப்பென்று இருக்கிறது. 'சத்திய சோதனை'க்கு எழுதிய வரி: 'உண்மையே வெல்லும்.' எங்கே தப்பு?
– புத்தகப்புழு, மதுரை

பதில்: அந்த வரிக்குப் புத்தகத்தைத் திறந்திருக்கவே வேண்டாமே! தமிழ்நாடு அரசு முத்திரையில் கோபுரத்துக்குக் கீழேயே கிட்டத்தட்ட அதுதான் இருக்கிறது.

நூலுக்குப் பத்துக் குற்றம் சொல்கிறது பவணந்தியார் எழுதிய இலக்கண நூலான நன்னூல். வளவளவென்று எழுதும் 'மிகைபடக் கூறல்' அதில் இரண்டாவதுதான். முதல் குற்றம், சொல்ல வேண்டியதையே குறைத்துவிடும் 'குன்றக் கூறல்'. பத்து அழகிலோ முதலிடம் 'சுருங்கச் சொல்லல்'. சுருங்கினால் அழகு, குன்றினால் குற்றம். பவணந்தியாருக்கே பயம் போலிருக்கிறது, 'சுருங்கச் சொல்லல்' என்ற கையோடு 'விளங்க வைத்தல்' என்று சேர்த்துவிட்டார். நாம் முதல் பாதியோடு எழுந்து வந்துவிட்டோம்.

யாருக்கு விளங்க வேண்டும்? உங்கள் நோட்டுக்கு ஒரே வாசகர்தான்: ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் மறந்துபோன நீங்கள்.

அதே புத்தகத்தில் ராஜ்கோட் பள்ளிக்கூடம் ஞாபகம் இருக்கிறதா? இன்ஸ்பெக்டர் வந்து ஐந்து ஆங்கில வார்த்தைகளை எழுதச் சொல்கிறார். சிறுவன் மோகன்தாஸ் 'கெட்டில்' என்பதைப் பிழையாக எழுதுகிறான். வாத்தியார் பூட்ஸ் நுனியால் ஜாடை காட்டுகிறார், பக்கத்துப் பையன் சிலேட்டைப் பார் என்று. பையனுக்கு உறைக்கவே இல்லை. காப்பியடிக்காமல் பார்த்துக்கொள்ளத்தானே வாத்தியார் இருக்கிறார் என்று நினைக்கிறான்! வகுப்பில் எல்லோரும் சரி, இவன் மட்டும் தப்பு.

என் நோட்டில் இதற்கு இரண்டே வார்த்தை: 'கெட்டில் தப்பு'. பூட்ஸ், சிலேட், திருதிருவென விழிக்கும் பையன் என்று எல்லாம் வரிசையாக வந்துவிடும், பின்னாலேயே பெரிய காந்தியும். அந்த வாத்தியார் மேல் மரியாதை குறையவில்லை என்று அவர் எழுதியதையும் சேர்க்கத்தான் ஆசை; மூன்றாவது வார்த்தைக்கு மனசு வரவில்லை. ஊருக்கே விளங்கும்படி ஏழு சீரில் அடைப்பது வள்ளுவர் வித்தை, அதற்கு நான் ஆளில்லை.

படித்த சூட்டோடு எழுதாதீர்கள். இரண்டு நாள் போகட்டும். அப்போதும் கண்ணில் நிற்கும் பொருள் ஏதாவது இருக்கும்: ஒரு கெட்டில், ஒரு செருப்பு, ஒரு ரயில் டிக்கெட். அதன் பெயரை எழுதுங்கள். கருத்து தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

பி.கு.: உங்கள் மூன்று பக்கக் கடிதத்தை மேலே இத்தனை சின்னதாக்கியது நான்தான். குன்றியிருந்தால் அடுத்த கடிதத்தில் திட்டுங்கள், ஒரு பக்கத்துக்குள்.