பதினெட்டும் பதினைந்தும்: கான்கூன் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நாங்கள் டாலஸில் இருக்கிறோம். மகனுக்கு 18 ஆகிவிட்டது, ஆகஸ்டில் கல்லூரி விடுதிக்குப் போகிறான். மகளுக்கு 15. ஜூன் மாதம் நால்வருமாக ஒரு வாரம் மெக்சிகோவின் கான்கூன் பக்கம், சாப்பாடு, பானம் எல்லாம் கட்டணத்திலேயே சேர்ந்த ஏதாவது ஆல்-இன்க்ளூசிவ் ரிசார்ட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். குடும்பங்களுக்கு ஏற்றது என்று சொல்லப்படுகிற இடங்களின் படங்களில் எல்லாம் சின்னக் குழந்தைகள்தான். என் பிள்ளைகள் பார்த்ததுமே முகம் சுளிக்கிறார்கள். அமைதியான இடங்களோ பெரியவர்களுக்கு மட்டும் என்கிறார்கள். மனைவி சைவம். ஒரே அறை போதுமா? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகன் ஆகஸ்டில் வீட்டை விட்டுக் கிளம்புகிறான் என்பதை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். எத்தனை நீச்சல் குளம், எத்தனை உணவகம் என்ற பட்டியல் அப்புறம். அம்மா அப்பா கூட இல்லாமல் இந்தப் பிள்ளைகள் அங்கே என்னென்ன செய்யலாம் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இந்த வயதுக்கு ஆல்-இன்க்ளூசிவ் தருகிற பெரிய நன்மையே அதுதான். இரவு பதினொரு மணிக்குப் பசித்தால் உங்களை எழுப்பாமல், காசு கேட்காமல், அவர்களே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். உங்கள் பெண் ஒரு புத்தகத்தோடு தனியாகப் போய் உட்கார்ந்து ஜூஸ் கேட்டு வாங்கிக் குடிக்கலாம். அறிமுகமில்லாத வேறொரு ஊரில் அவளை அப்படி விட உங்களுக்கு மனம் வராது.

ஆனால் எல்லா ரிசார்ட்டும் இதற்கு ஒரே மாதிரி இடம் கொடுப்பதில்லை. குழந்தைகள் கிளப் பெரும்பாலும் 4 முதல் 12 வயது வரை, டீன் கிளப் 13 முதல் 17 வரை. உங்கள் மகன் இரண்டிலும் சேரமாட்டான். உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சில இடங்களில் 16, சில இடங்களில் 18 வயது ஆகியிருக்க வேண்டும். குடும்ப ரிசார்ட்டுக்குள்ளேயே ஓரிரு உணவகங்கள் பெரியவர்களுக்கு மட்டும் என்று இருக்கும். கயாக் என்ற துடுப்புப் படகை எடுக்கப் பெற்றோர் கையெழுத்து கேட்பார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பி, 15 வயதுப் பெண் தனியாக எங்கெல்லாம் போகலாம், எதற்கெல்லாம் நீங்கள் கூட வர வேண்டும் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் எழுதுகிற ரிசார்ட், அந்த வயதுப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய இடமாக இருக்கும். கட்டணத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள். 13 வயதானாலே முழுக் கட்டணம் வாங்குகிற இடங்கள் நிறைய உண்டு.

அறை இரண்டு எடுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம். 18 வயது ஆனவனைப் பெரியவர் கணக்கில் சேர்ப்பதால், பல ரிசார்ட்டுகளில் நால்வருக்கு ஒரே அறை கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும், வளர்ந்த அண்ணனும் தங்கையும் ஒரு வாரம் முழுக்க ஒரே குளியலறைக்காக உங்களோடு காத்திருப்பது யாருக்கும் சுகமில்லை. நடுவே கதவு உள்ள இணைப்பு அறைகளாகக் கேளுங்கள். 'முயற்சி செய்கிறோம்' என்றால் போதாது, உறுதி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவில் ஓர் அறைக்கு ஒரு பெற்றோர் பெயர் இருப்பது பாதுகாப்பு.

இனி கடல். ஜூன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2011 முதல் அட்லாண்டிக்கில் சர்காசம் என்ற பழுப்புப் பாசி பெரும் பட்டையாக வளர்ந்து கரீபியக் கரைகளில் ஒதுங்குகிறது. மெக்சிகோவின் கரீபியக் கரையில் வசந்தத்தில் ஆரம்பித்துக் கோடை முழுக்க இந்தத் தொல்லை இருக்கும். கரையில் கிடந்து அழுகினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். ரிசார்ட்டுகள் கடலில் மிதக்கும் தடுப்பு போடுகின்றன, காலையில் இயந்திரம் வைத்து அள்ளுகின்றன. ஆனாலும் கிழக்கே திறந்த கடலைப் பார்த்த கரையில் அது வருவதை முழுக்க நிறுத்த முடியாது.

வரைபடத்தில் கான்கூன் ஹோட்டல் பகுதி 7 என்ற எண் போலத் தெரியும். நீண்ட கோடு கிழக்குப் பார்த்தது. அலையும் அதிகம், பாசியும் அதிகம், ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டமும் உண்டு. மேலே உள்ள சிறு கோடு வடக்கே முஹேரெஸ் தீவைப் பார்த்தது, அங்கே கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஊருக்கு வடக்கே உள்ள ப்ளாயா முஹேரெஸ் பகுதிக்கும் அந்தத் தீவு ஓரளவு மறைப்பு. தெற்கே ப்ளாயா டெல் கார்மெனிலிருந்து துலும் வரை உள்ள கரைதான் பாசியில் அதிகம் அடிபடும். ஆகவே ஜூனில் போகிற உங்களுக்கு நான் சொல்வது வடக்குப் பக்கம். இல்லையென்றால் கோசுமெல் தீவின் மேற்குக் கரை. சவுத் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் படங்களை வைத்து மாதாமாதம் சர்காசம் அறிக்கை வெளியிடுகிறது. மே மாத அறிக்கையைப் பார்த்துவிடுங்கள். ஜூன் 1 முதல் புயல் பருவம், அதனால் பணம் திரும்பக் கிடைக்கிற முன்பதிவாக எடுங்கள்.

கரையில் கொடி பறக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு. சிவப்பைப் பார்த்தால் இறங்கக் கூடாது, கறுப்பு என்றால் கடல் மூடப்பட்டது. குளத்தில் நன்றாக நீந்தத் தெரிந்த பையன்தான் துணிந்து இறங்குவான், அவனிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

அடுத்து மது. மெக்சிகோவில் சட்டப்படி 18 வயதில் குடிக்கலாம், ரிசார்ட்டில் அது காலை முதல் இலவசமாக ஊற்றப்படும். மகனிடம் டாலஸிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். அளவு, குடித்துவிட்டுக் கடலில் இறங்காமை, தங்கைக்கு வாங்கித் தராமை. எப்படியும் ஆகஸ்டுக்குப் பிறகு நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அவன் இதைச் சந்திக்கத்தான் போகிறான். நீங்கள் அருகில் இருக்கிற ஒரு வாரத்தில் முதலில் சந்தித்தால் நல்லதுதான்.

உங்கள் மனைவிக்கு: பஃபேயில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். மெக்சிகோவில் மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், அதை மான்தேக்கா என்பார்கள். சிவப்புச் சோற்றைப் பெரும்பாலும் கோழிச் சாறு விட்டு வேகவைப்பார்கள். டார்ட்டியா என்பது அவர்களுடைய ரொட்டி; கோதுமை டார்ட்டியாவிலும் கொழுப்பு இருக்கலாம், சோள டார்ட்டியாவில் பொதுவாக இருக்காது. அவகாடோவை மசித்த குவாக்கமோலே, சப்பாத்திக் கள்ளியில் செய்கிற நொபாலெஸ், டார்ட்டியாவுக்குள் சீஸ் வைத்த கேசடியா எல்லாம் நன்றாக இருக்கும். முதல் நாளே தலைமைச் சமையல்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டால் பிறகு வாரம் முழுக்கக் கவலை இல்லை.

பிள்ளைகள் அங்கே என்ன செய்வார்கள்? எனக்கு மிகவும் பிடித்த யோசனை ஸ்கூபா, அதாவது காற்றுக் குடுவையோடு கடலுக்குள் முக்குளிப்பது. ஸ்கூபா பயிற்சிக்குச் சான்றிதழ் தருகிற 'பாடி' (PADI) நிறுவனத்தின் ஆரம்பச் சான்றிதழ் 15 வயதில் முழுமையாகவே கிடைக்கும். பாடத்தை வீட்டிலிருந்தே இணையத்தில் படித்துவிட்டால் அங்கே மூன்று நான்கு நாள் போதும். இது ரிசார்ட் கட்டணத்தில் சேராது, ஆனால் செலவுக்குத் தகும். ஸ்கூபாவில் ஜோடியாகத்தான் இறங்குவார்கள். அண்ணன் ஊரை விட்டுப் போவதற்கு முன் இருவரும் ஒருவர் மூச்சை ஒருவர் கவனித்துக்கொண்டு நீருக்கடியில் போய்வருவது அவர்களுக்குள் எவ்வளவு பெரிய விஷயம்! கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது இருக்க வேண்டும்.

கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் எஷ்கரெட் ஹோட்டலையும் பாருங்கள். அவர்களுடைய பூங்காக்களுக்கான அனுமதி அறைக் கட்டணத்திலேயே சேர்த்தி. பாதாள ஆறுகளில் நீந்துவது, கம்பியில் தொங்கிப் பறப்பது என்று இந்த வயதுக்கு அலுக்காது. நீண்ட மணல் கரையை மட்டும் அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியாகப் பாஸ்போர்ட். பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்கள் என்றால், 16 வயதுக்குள் எடுத்தது 5 ஆண்டுதான் செல்லும், மகனுடையது முடிந்திருக்கலாம். உங்களுடையது இந்தியப் பாஸ்போர்ட் என்றால், காலாவதியாகாத அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். விசா மனு ஏற்கப்பட்டதாக அமெரிக்கக் குடிவரவுத் துறை அனுப்புகிற ஐ-797 தாள் மட்டும் போதாது. இதை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.