சியன்னாவின் பின்னால் ஒரு மூடிய ரெயிலர்: டிஜே வேலை தொடங்கும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம் என்றும், கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று டிஜே வேலை வரத் தொடங்கிவிட்டது என்றும், ஒவ்வொரு சனிக்கிழமையும் வான் வாடகைக்கு எடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் நிற்கிற டொயோட்டா சியன்னா மினிவேனில் மூடிய ரெயிலர் ஒன்றைக் கொழுவலாமா, உள்ளே எப்படி அமைப்பது, களவு போகாமல் எப்படி வைப்பது என்பது கேள்வி. கொழுவலாம். ஆனால் ரெயிலர் பார்க்கப் போகுமுன் காரின் கையேட்டைத் திறந்து இழுவைப் பக்கத்தைப் படியுங்கள்.

சியன்னா இழுக்கக்கூடியது 3,500 இறாத்தல், ஏறத்தாழ 1,588 கிலோ. இதில் ரெயிலரின் சொந்தப் பாரமும் அடக்கம். காருக்குள் நாலு பேர் ஏறினால் அந்தப் பாரத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். சில கையேடுகளில் ரெயிலரின் முன்முகப் பரப்பளவுக்கும் ஒரு வரம்பு இருக்கும். அதையும் தேடிப் பாருங்கள். மினிவேனுக்கு உயரமான பெட்டி வேண்டாம். உள்ளுயரம் 6 அடி போதும், முன்பக்கம் கூராக வருகிற வகை இன்னும் நல்லது. 401 நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று அடிக்கும்போது இழுவையைக் கூட்டுவது பாரத்தைவிட அந்த முகம்தான்.

அளவு 6 அடிக்கு 12 அடி, ஒற்றை அச்சு. இந்த வகையில் பெரும்பாலானவற்றின் தகட்டில், ரெயிலரும் சாமானும் சேர்த்து அனுமதிக்கிற மொத்த எடை 2,990 இறாத்தல் என்று அடித்திருக்கும். அந்த விசித்திரமான எண்ணுக்குக் காரணம் உண்டு. ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோ அல்லது அதற்கு மேல் போனால் ரெயிலருக்கே தனியாக பிரேக் இருக்க வேண்டும். 2,990 இறாத்தல் என்பது 1,356 கிலோ. வரம்புக்கு ஒரு மயிரிழை கீழே. 'அச்சு 3,500 தாங்கும், இன்னும் ஏற்றலாம்' என்று விற்பவர் சொன்னால் கேட்க வேண்டாம். தகட்டில் உள்ளதுதான் எண். பிரேக் உள்ளது கிடைத்தால், சட்டம் கேட்காவிட்டாலும் அதையே வாங்குங்கள் என்பது என் கருத்து. காரில் பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ஏழு முனை இணைப்பும் பூட்ட வேண்டிவரும், ஆனால் ஈரமான இறக்கத்தில் அந்தச் செலவின் பெறுமதி தெரியும்.

இனி பாரக் கணக்கு. வெறும் ரெயிலர் ஏறத்தாழ 520 கிலோ. உள்ளே தட்டு, தண்டவாளம், பட்டிகள் எல்லாம் 80. 18 அங்குல சப் (அடிநாத ஸ்பீக்கர்) இரண்டு 100, மேல் ஸ்பீக்கர் நாலு 75, ஸ்டாண்டும் விளக்கு மாட்டுகிற ட்ரஸ் சட்டமும் 60, டிஜே மேசையும் முகப்பும் 60, கொன்ட்ரோலர் பெட்டியோடு 25, பற்றறி விளக்குகள் பெட்டிகளோடு 100, வயர்கள் 50, புகை மெஷின்கள் 40. ஆக மொத்தம் 1,110 கிலோ. மிச்சமிருக்கிற 246 கிலோவைக் கண்டுவிட்டு மரத்தில் பெரிய அலுமாரி அடிக்காதீர்கள். அடுத்த வருடம் எல்ஈடி திரை வாங்குவீர்கள், அப்போது அந்த இடம் தேவைப்படும்.

மொத்தப் பாரத்தைவிட முக்கியம் அது எங்கே இருக்கிறது என்பது. ஏற்றியதில் 60 சதவீதம் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். மூக்கு, அதாவது கப்ளர், காரை அழுத்துகிற பாரம் மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம். அது குறைந்து பின்பக்கம் கனத்தால், 90 கிலோமீற்றர் வேகத்தில் பெரிய லொறி ஒன்று பக்கத்தில் கடந்து போனவுடன் ரெயிலர் வாலாட்டத் தொடங்கும்; ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். அந்த நேரம் கார் பிரேக்கை மிதிக்கக் கூடாது, வேகம் கூட்டியும் இழுக்கக் கூடாது. காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, தானாக வேகம் குறைய விடுங்கள். ரெயிலர் பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் மெல்ல அழுத்தலாம்.

மூக்குப் பாரத்தை வீட்டிலேயே அளக்கலாம். ஆள் நிறுக்கிற தராசு பல 150 கிலோவோடு நின்றுவிடும், அதனால் நேரடியாக வைக்காமல் நெம்பு முறையில் அளப்பது நல்லது. ரெயிலரை முழுதாக ஏற்றி, மட்டமாக நிறுத்தி, சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் அடை வையுங்கள். தராசின் மேல் ஒரு இரும்புக் குழாயும், அதே உயரத்துக்கு அடுக்கிய செங்கல்லின் மேல் இன்னொரு குழாயும் வைத்து, இரண்டுக்கும் குறுக்கே தடித்த பலகை போடுங்கள். குழாய்களுக்கு இடையே சரியாக 3 அடி. பலகையோடு தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, செங்கல் பக்கக் குழாயிலிருந்து 1 அடியில் மூக்கின் ஜாக்கி பலகையில் அழுத்துகிற மாதிரி இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்க வேண்டும். 1,110 கிலோவுக்கு 12 சதவீதம் 133; தராசில் 44 அளவில் நின்றால் சரி. 30 காட்டினால் சப் இரண்டையும் ஓரடி முன்னுக்குத் தள்ளி மறுபடி அளவுங்கள். சரிவந்த இடத்தைத் தரையில் பெயின்ரால் கோடு போட்டு வையுங்கள். இரவு ஒரு மணிக்கு மண்டபத்தில் உதவிக்கு வந்த பெடியன் ஏற்றினாலும் அந்தக் கோட்டுக்கு வைத்துவிடுவான். காரின் பின்னால் பூட்டுகிற கொழுவியான ஹிச்சுக்கும் ஒரு மேல் வரம்பு உண்டு: 3,500 இறாத்தல் ஹிச்சில் மூக்குப் பாரம் பெரும்பாலும் 350 இறாத்தல், 159 கிலோ.

கொழுவும்போது, கப்ளர் உட்காருகிற ஹிச்சின் இரும்புப் பந்தின் அளவைப் பாருங்கள். இந்த ரெயிலர்களுக்கு 2 அங்குலப் பந்து. ஒன்றேமுக்கால் சொச்ச அங்குலப் பந்திலும் கப்ளர் உட்கார்ந்து பூட்டியது போலவே தெரியும், முதல் பள்ளத்தில் கழன்றுவிடும். பூட்டிய பிறகு ஜாக்கியைச் சுற்றி மூக்கைத் தூக்குங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால்தான் பிடித்திருக்கிறது. சங்கிலி இரண்டையும் மூக்குக்குக் கீழே ஒன்றை ஒன்று குறுக்காகக் கொழுவுங்கள். கப்ளர் கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும்.

உள்வேலைக்கு வருவோம். பலரும் பிழைவிடுகிற இடம் சுவர். உள்ளே தெரிகிற பிளைவூட் பெரும்பாலும் முக்கால் அங்குலத்தில் பாதிதான், மூன்றெட்டாம் அங்குலம். அதில் திருகாணி அடித்து ஸ்பீக்கரைக் கட்டினால், கடும் பிரேக்கில் ஆணி பலகையைப் பிய்த்துக்கொண்டு வரும். பலகைக்குப் பின்னால் 16 அல்லது 24 அங்குலத்துக்கு ஒன்றாக இரும்புக் கால்கள் நிற்கின்றன. காந்தம் ஒன்றைச் சுவரில் நகர்த்தினால் ஒவ்வொரு காலிலும் பற்றிக்கொள்ளும். அங்கே குறி போட்டு, பட்டி கொழுவத் துளைகள் உள்ள ஈ-ட்ராக் தண்டவாளத்தைக் கிடையாக வைத்து, இரும்பைத் தானே துளைக்கிற திருகாணிகளால் ஒவ்வொரு காலிலும் இரண்டு அடியுங்கள். இரண்டு பக்கச் சுவரிலும் இரண்டு வரிசை: தரையிலிருந்து 18 அங்குலத்தில் ஒன்று, 42 அங்குலத்தில் ஒன்று. கீழ் வரிசை சப்புக்கும் பெட்டிகளுக்கும், மேல் வரிசை ட்ரஸ், மேசை முகப்பு போன்ற நெட்டையான சாமான்களுக்கும்.

தரையில் ஈ-ட்ராக் வேண்டாம். உருளை வைத்த பெட்டிகள் அதில் தட்டி நிற்கும். தரைக்குப் பிடிமானம் வேண்டுமென்றால் பலகைக்குள் புதைகிற வட்ட வளையங்கள் நாலு போதும். பின்பக்கம் இரும்புத் தகடு கொடுத்து, சட்டத்தோடு போல்ட் போடுங்கள். உருளையின் பிரேக்கை அழுத்திவிட்டால் பெட்டி நிற்கும் என்று எண்ண வேண்டாம், அது மண்டபத் தரைக்கு மட்டும்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் பட்டி வேண்டும். கைபிடியால் நெம்பி இறுக்குகிற ரச்செற் பட்டியை முழுப் பலத்தோடு இறுக்கினால் ஸ்பீக்கரின் மர உடம்பு நசுங்கும். ஸ்பீக்கருக்குக் கையால் இழுத்து இறுக்குகிற கொக்கிப் பூட்டுப் பட்டி, சப்புக்கும் ட்ரஸ்ஸுக்கும் ரச்செற். ஒற்றை அச்சில் பின்மூலைதான் அதிகம் குதிக்கும். கொன்ட்ரோலரையும் மிக்சரையும் அங்கே வைக்காமல் அச்சுக்கு அண்மையில், பஞ்சு வைத்த பெட்டியில், படுக்கையாக வையுங்கள். வாங்கும்போது இலைவில் (லீஃப் ஸ்பிரிங்) அச்சா, ரப்பர் முறுக்கு அச்சா என்று கேளுங்கள். ரப்பர் வகை அதிர்வைக் குறைத்துக் கொடுக்கும். விளக்குகளின் உள்ளே திருகாணி கழலுவதும் குறையும்.

பின்கதவு இரட்டைக் கதவா, கீழே விழுந்து சரிவாகிற றாம்ப் கதவா? உங்கள் சப்பின் பாரத்துக்கு றாம்ப்தான். ஒரு குறை, திறக்கப் பின்னால் 6 அடிக்கு மேல் இடம் வேண்டும். றாம்ப் பலகை ஈரமானால் எண்ணெய் போட்டது போல் வழுக்கும். மணல் கலந்த சொரசொரப்புப் பெயின்ட் இரண்டு பூச்சு அடித்துவிடுங்கள்.

இனிக் களவு. பூட்டு எவ்வளவு பெரியது என்பதை யாரும் பார்த்துவிடலாம். கள்ளர் பார்ப்பது அது எதில் மாட்டியிருக்கிறது என்பதை. றாம்ப் கதவின் இரண்டு பக்கக் கம்பிகளையும் பிடிக்கிற கொளுக்கித் தகடுகள் வெளியே தெரியும் அறுகோணப் போல்ட்டில்தான் வரும். ஸ்பானர் ஒன்றால் அதைக் கழற்றினால் பூட்டைத் தொடாமலே கதவு திறக்கும். அந்தப் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, தலை உருண்டையாக வழுவழுப்பாக இருக்கிற போல்ட்டுகளைப் போட்டு, உள்ளே பெரிய இரும்புத் தகடும் கழலாத நட்டும் கொடுங்கள். கதவுக்கு 73 மில்லிமீற்றர் வட்டப் பூட்டு, அதை மூடுகிற இரும்புக் கூட்டோடு; வளையம் வெளியே தெரியாததால் வெட்டுகிற கத்தரிக்குப் பிடிகிடைக்காது. பக்கக் கதவின் சாவியில் சி.எச்.751 என்று பொறித்திருந்தால் அன்றைக்கே பூட்டை மாற்றுங்கள், அதே சாவி எத்தனையோ பேரிடம் இருக்கிறது.

ரெயிலரையே இழுத்துக்கொண்டு போவது இன்னொரு வகைக் களவு. கப்ளருக்குள் பந்து போல நுழைந்து முழுதாக மூடுகிற பூட்டு ஒன்று, சில்லுக்கு இடுக்கி ஒன்று, இரண்டும் வேண்டும். மெல்லிய ஊசிப் பூட்டு மட்டும் என்றால் சுத்தியலில் இரண்டு அடி. ஜிபிஎஸ் கருவியை அலுமினியப் பெட்டிக்குள் வைத்தால் வானத்தைப் பார்க்காது. கூரைக் காற்றுத் துவாரத்தின் பிளாஸ்ரிக் மூடிக்குக் கீழே மறைத்து வையுங்கள். குளிரில் பற்றறி சீக்கிரம் இறங்கும், மாதம் ஒருமுறை பாருங்கள்.

மிக ஆபத்தான நேரம் விழா முடிந்து சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு, நடுநிசிக்குப் பின் கொத்துரொட்டி சாப்பிட பிளாசாவில் நிறுத்துகிற அரைமணி நேரம். றாம்ப் கதவு சுவரோடு முட்டுகிற மாதிரிப் பின்னுக்கு நிறுத்தினால் அது திறக்கவே முடியாது. பக்கக் கதவை வெளிச்சத்துப் பக்கம் விடுங்கள். வீட்டிலும் அப்படியே. லப்டொப், கொன்ட்ரோலர், மைக் இரவில் ரெயிலரில் தங்கக் கூடாது. ரெயிலரில் உங்கள் டிஜே பெயரை எழுத ஆசை வரும். வேண்டாம், வெறும் வெள்ளையாக விடுங்கள். விளம்பரத்துக்கு மேசை முகப்பு இருக்கிறது.

வின்ரரில் மூன்று விசயம். குளிரில் கிடந்த பெட்டியைச் சூடான மண்டபத்துக்குள் கொண்டுவந்தவுடன் திறந்தால், கண்ணாடியில் படிவது போல உள்ளே சர்க்கிட்டிலும் நீர் படியும். பெட்டியை மூடியபடியே ஒரு மணி நேரமாவது விடுங்கள். அதற்குள் துணி, மேசை, ஸ்டாண்ட் வேலையை முடிக்கலாம். லித்தியம் பற்றறி விளக்குகளைச் சுழியத்துக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது, பற்றறி உள்ளுக்குப் பழுதாகும். வீட்டுக்குள் எடுத்துப் போடுங்கள். முதல் நடனத்துக்கு மேகம் விடுகிற உலர்பனி மெஷினின் தண்ணீரைப் புறப்படுமுன் முழுதாக வடியுங்கள், மிச்சம் உறைந்தால் தொட்டி வெடிக்கும். உலர்பனியைக் காருக்குள் ஏற்ற வேண்டவே வேண்டாம். அது கரியமில வாயுவாக மாறி மூடிய இடத்தில் மூச்சை அடைக்கும். ரெயிலரில், துவாரங்களைத் திறந்துவிட்டுக் கொண்டுபோங்கள். போய்ச் சேர்ந்ததும் கதவைத் திறந்து சற்று நேரம் விட்டுத்தான் உள்ளே ஏற வேண்டும்.

ரெயிலருக்குத் தனி இலக்கத் தகடு உண்டு, ஒருமுறை எடுத்தால் வருடா வருடம் புதுப்பிக்கத் தேவையில்லை. காப்புறுதி முகவரிடம், வேலைக்குப் பாவிக்கிறேன் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். கார்க் காப்புறுதி ரெயிலருக்குள் இருக்கிற சாமானுக்குப் பொறுப்பல்ல. கருவிகளுக்குத் தனி ஒப்பந்தம் வேண்டும், அதில் ஆளில்லாமல் நிறுத்திய வாகனத்திலிருந்து களவு போனால் தருவார்களா என்ற வரியைத் தேடி வாசியுங்கள். மண்டபங்கள் பெரும்பாலும் 20 இலட்சம் டொலர் பொறுப்புக் காப்புறுதிச் சான்றிதழ் கேட்கும். வீட்டு டிறைவ்வேயில் ரெயிலர் நிறுத்த ஒவ்வொரு நகரத்துக்கும் ஒவ்வொரு விதி. ரொறன்ரோவில் 311க்கு அடித்து, வாங்குமுன் கேட்டுவிடுங்கள். வாடகை பேஸ்மென்ட் என்றால் வீட்டுக்காரரிடமும்தான்.

முதல் பயணத்தில் 80 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் நிறுத்தி, சில்லு நட்டுகளை முறுக்குமானி வைத்து மறுபடி இறுக்குங்கள். புதிய சில்லில் அவை தளர்வது வழக்கம். பழைய ரெயிலர் என்றால் ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய ரயரில் முழுப் பாரம் ஏற்றாதீர்கள், பேரம் பேசும்போதே இரண்டு புது ரயரின் விலையைக் கழித்துக் கேளுங்கள்.