ஜூரியாக உட்கார்ந்தால் சட்டத்தைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளலாம்?

அமெரிக்கக் குடியுரிமை வாங்கியதும் வழக்கில் குற்றம் நிரூபணமானதா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் உட்கார சம்மன் வந்திருக்கிறது, போனால் பிரயோஜனம் உண்டா, வீண் அலைச்சலா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியம் போங்கள். கலிபோர்னியாவில் குடித்துவிட்டுக் கார் ஓட்டிய வழக்கு ஒன்றில் நான் ஜூரியாக இருந்திருக்கிறேன். சட்டம் சாதாரண மனுஷனின் ஊகத்துக்கு எவ்வளவு கடிவாளம் போடுகிறது என்பது அங்கேதான் புரிந்தது.

ஜூரிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போதே அது ஆரம்பித்துவிடும். "போலீஸ்காரர் சாட்சி சொன்னால் மற்றவர்களைவிட அதிகமாக நம்புவீர்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். ஒரு அம்மா ஆமாம் என்றார். நீதிபதி நன்றி சொல்லி அவரை அனுப்பிவிட்டார்.

குற்றம் சாட்டப்பட்டவர் கடைசிவரை கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லவில்லை. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்றுதானே நாம் வளர்ந்திருக்கிறோம்? ஜூரி அறையிலும் ஒருவர், "தப்பு செய்யாதவன் ஏன் வாயே திறக்கவில்லை?" என்றார். எங்கள் தலைவியாக இருந்த பெண் உடனே நீதிபதி தந்த தாளைப் புரட்டிக் காட்டினார்: பேசாமல் இருப்பது அவர் உரிமை, அதை எந்த விதத்திலும் கணக்கில் எடுக்கக் கூடாது. அதற்கப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை.

இந்த வகை வழக்கில் வழக்கமாக இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கும். போதையால் ஒழுங்காக ஓட்ட முடியாத நிலையில் ஓட்டினார் என்பது ஒன்று. ஓட்டும்போது ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தது என்பது இன்னொன்று. ரத்தம் எடுத்ததோ ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. குடித்தது ரத்தத்தில் ஏற நேரமாகும், ஓட்டியபோது குறைவாக இருந்திருக்கலாமே என்றார் அவருடைய வக்கீல். 3 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனை 0.08 காட்டினால் ஓட்டும்போதும் அப்படித்தான் இருந்தது என்று ஜூரி முடிவு செய்யலாம், செய்தே ஆக வேண்டும் என்றில்லை என்கிறது சட்டம். அந்த ஒரு வரியில் எங்களுக்கு ஒரு பிற்பகல் முழுக்கப் போனது. பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். நிபுணரின் சாட்சியத்தை மறுபடி வாசிக்கக் கேட்டு வாங்கினோம். கடைசியில் அதில் குற்றவாளி என்று 12 பேரும் ஒத்துப்போனோம். ஆனால் முதல் குற்றச்சாட்டில் விடுவித்தோம். போலீஸ் கேமரா வீடியோவில் அவர் தடுமாறாமல் நடந்தார், தெளிவாகப் பேசினார். "எனக்கென்னவோ அவர் போதையில்தான் இருந்தார் என்று தோன்றுகிறது" என்றவர்களும் விடுவிக்கக் கை தூக்கினார்கள். தோன்றுவது வேறு, அரசு வக்கீல் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிப்பது வேறு. தண்டனை என்ன என்பதை நீதிபதி பார்த்துக்கொள்வார், அதை நினைத்து முடிவெடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள்.

இன்னொன்றையும் அங்கே தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் தண்டனை பெறுகிறவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஜூரியைப் பார்ப்பதே இல்லை. தண்டனையைக் குறைத்துக்கொள்ள அரசு வக்கீலோடு பேரம் பேசிக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். அந்தப் பேரத்துக்கு எங்கள் அறையில் இருந்த கட்டுப்பாடு எதுவும் கிடையாது. இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஊரில் இதைச் சொன்னால், மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கை இழுப்பார்கள். 1959-ல் பம்பாய் ஜூரி 8-க்கு 1 என்று அவரை விடுவித்தது. நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்த வழக்கில் பத்திரிகைகள் வெளிப்படையாகவே பக்கம் சாய்ந்து எழுதிக்கொண்டிருந்தன. எங்களுக்கோ வழக்கைப் பற்றிப் படிக்கவோ கூகுளில் தேடவோ, வீட்டில் மனைவியிடம் பேசவோகூட அனுமதி இல்லை. சாதாரண ஜனங்களால் முடியாது என்று அந்த ஒரு வழக்கை வைத்துச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

சம்மனில் உள்ள தேதி ஒத்துவரவில்லை என்றால் தள்ளிவைக்கக் கேட்கலாம். பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.