அது யாருடைய அடி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரியில் நடக்கும் நகைச்சுவைப் படம் ஒன்று பார்த்தேன். கறுப்பின மாணவி ஒருத்தி, வெள்ளைக்கார மாணவியர் சங்கத்துக்கு, காலை மிதித்தும் கைதட்டியும் தாளம் எழுப்பும் 'ஸ்டெப்' ஆட்டம் சொல்லித்தர வேண்டி வருகிறது. இது கலாச்சாரத் திருட்டு என்று பலர் கோபப்படுகிறார்கள். ஆட்டமே ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதானே? கலை எல்லோருக்கும் பொதுதானே? என் மகளும் தோழிகளும் கல்லூரி விழாவுக்காக யூடியூப் பார்த்து இதைத்தான் பழகுகிறார்கள். அவர்களும் திருடிகளா? படம் உங்களுக்குப் பிடித்ததா?

க.

அன்புள்ள க.,

படத்தை விடுங்கள். ஆப்பிரிக்காவையும் விடுங்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர்களின் கம்பூட் ஆட்டத்தோடு சாயல் உண்டு, ஆனால் ஸ்டெப் வளர்ந்த இடம் அமெரிக்கக் கல்லூரி வளாகம்தான். என்னைப் பிடித்துக்கொண்டது 'கலை எல்லோருக்கும் பொதுதானே' என்ற வரி. சில நாட்களாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு கலையைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளாமல் அதை எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் சொல்லும் வரி இது. உங்கள் வாயிலிருந்து வரலாமா?

1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா முதல் 1963 வரை ஒன்பது பெரிய கறுப்பின மாணவர் சங்கங்கள் பிறந்தன. அவற்றில் ஐந்து ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில். புதிதாகச் சேர்பவர்கள் வரிசைகட்டி நடந்த நடை, பாட்டு, கைத்தட்டல், ராணுவ அணிவகுப்பின் மிடுக்கு எல்லாம் சேர்ந்து திரண்டதுதான் ஸ்டெப். ஒவ்வொரு சங்கத்துக்கும் அடையாள அடி, அதாவது அதற்கே உரிய ஆட்ட அசைவு, உண்டு. கப்பா ஆல்ஃபா சை ஆட்கள் கைத்தடியோடு ஆடுவார்கள். ஆல்ஃபாக்களுக்கு 'கிராண்ட்டாடி' அடி, தாங்களே மூத்தவர்கள் என்று சொல்வதற்கு.

அடுத்த சங்கத்தின் அடியை ஆடவும் வழி வைத்திருக்கிறார்கள். மரியாதையோடு ஆடினால் அது 'சல்யூட்'. கேலியாகக் கோணி ஆடினால் 'கிராக்'. இரண்டிலும் அந்த அடி யாருடையது என்று அரங்கம் முழுக்கத் தெரியும், தெரிந்தால்தான் கைத்தட்டலே வரும். கேலி செய்பவன்கூட உரியவனின் பெயரை மறைப்பதில்லை. அப்படிப்பட்டவர்களிடம் போய் 'பொதுச்சொத்து' என்று சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்? வெள்ளைக்காரர் மேடையேறுவதற்கு வெகுகாலம் முன்பே, தங்களுக்குள்ளேயே அவர்கள் பேசித் தீர்த்துவைத்த கணக்கு இது.

2010இல் அட்லாண்டாவில் ஸ்பிரைட் ஸ்டெப் ஆஃப் இறுதிப்போட்டி. ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் வெள்ளைக்கார மாணவியர் சங்கமான ஸீட்டா டவ் ஆல்ஃபா முதலிடம் பெற்றது. காணொளி பரவியது, சண்டை மூண்டது. சில நாட்களில் மதிப்பெண்ணில் முரண்பாடு இருந்ததாக அறிவித்து, இரண்டாம் இடத்தில் இருந்த, கறுப்பின மாணவியர் சங்கமான இந்தியானா பல்கலைக்கழக ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா குழுவையும் முதலிடத்துக்கு ஏற்றினார்கள். இரு குழுவுக்கும் தலா 1,00,000 டாலர் உதவித்தொகை. பணம் சமமாகப் போய்ச் சேர்ந்தது, கேள்வி அங்கேயே நின்றது. அந்தப் பெண்கள் நன்றாகவே ஆடினார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

உங்கள் மகள் திருடி இல்லை, ஐயா. தாராளமாக ஆடட்டும். ஆனால் ஒழுங்காகப் பழகச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் பாட்டே போடக்கூடாது. பாட்டு இருந்தால் யார் முந்துகிறார்கள் என்று தெரியாது. எட்டு எண்ணிக்கையை மெதுவாக, வாயால் எண்ணி ஆட வேண்டும். முழங்கால் எப்போதும் சற்று மடங்கியிருக்கட்டும், பாதம் முழுதாகத் தரையில் விழட்டும். விறைத்த காலோடு மிதித்தால் முழங்கால் போய்விடும். தொடைக்கடியில் கைத்தட்டும் இடத்தில்தான் புதியவர்கள் எல்லோரும் சறுக்குவார்கள். தொடையைத் தூக்காமல் உடம்பைக் குனிப்பார்கள். தட்டல் அரை எண்ணிக்கை பிந்தும், சத்தமும் வயிற்றுக்குள் அமுங்கிவிடும். உள்ளங்கையைக் குழித்துத் தட்டினால் கனத்த ஒலி, விரல்களை நீட்டித் தட்டினால் கூர்மையான ஒலி. எது எங்கே என்று முன்பே பேசிவைக்க வேண்டும். ரப்பர் அடிப்பாகம் சத்தத்தை விழுங்கும், கெட்டியான அடிப்பாகம் உள்ள காலணி வேண்டும். சிமெண்ட் தரையைவிடப் பலகை மேடை நல்லது.

காணொளியில் 'ஸ்கீ-வீ' என்று ஒரு கூவல் கேட்டால் அதை மட்டும் எடுக்க வேண்டாம். அது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பெண்களின் அழைப்பு, உறுப்பினர் அல்லாதவர் கூவக்கூடாது. சங்கங்களின் கைச்சைகைகளும் அப்படியே. மேடையேறும்போது, இது அமெரிக்கக் கறுப்பின மாணவர் சங்கங்களின் ஆட்டம் என்று ஒருத்தி ஒலிபெருக்கியில் சொல்லட்டும்.

விழாவுக்கு முந்தின நாள் பிள்ளைகளை அறைக்குள் ஆடவிட்டு, நீங்கள் கதவுக்கு வெளியே நின்று கேளுங்கள். அத்தனை கால்களும் ஒரே காலாகக் கேட்க வேண்டும்.

அன்புடன்.